கால் தரையில் பட்டால்தான் கணக்கு

நாங்கள் அந்த ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தியபோது மணி பதினொன்றரை. நிறுத்தினோம் என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஒட்டகம் என்று நாங்கள் கூப்பிடும் சிநேகிதி காரைக் குறுக்காக விட்டுவிட்டு இறங்கிவிட்டாள். இன்னொருத்தி, வக்கீல், கதவை மூடாமலே உள்ளே ஓடினாள். நான் என் மகள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன். நாலு வயதுக் குழந்தை. கண் மேலே செருகியிருந்தது. இடது கை மட்டும் என் தோளில் தட்டிக்கொண்டே இருந்தது, யாரையோ கூப்பிடுவது போல.

உள்ளே இருந்த டாக்டருக்கு என் தம்பி வயதுகூட இருக்காது. பதற்றமில்லாமல் ஊசி போட்டார். கை தட்டுவது நின்றது.

"எத்தனை நிமிஷம் இழுத்துச்சு?"

"ஆறு," என்றாள் வக்கீல். அவள் எதற்கும் நேரம் குறித்து வைப்பவள்.

நாங்கள் மூவரும் கல்லூரி விடுதியில் ஒரே அறை. ஒரே மூச்சில் ஒரு பாட்டில் தண்ணீர் குடிப்பவள் ஒட்டகம். படித்ததும் வக்கீலுக்கு, பிழைப்பதும் வக்கீலாக, அதனால் அவள் வக்கீல். நான் பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவள். பன்னிரண்டு வருடம் கழித்து, கோடை விடுமுறையில் நாலு நாள், மலைப் பக்கம் போகலாமென்று கிளம்பியிருந்தோம். முந்தின நாள் சாயங்காலம் ஒரே குப்பியிலிருந்து மூவரும் கால் நகங்களுக்குச் சிவப்புப் பூச்சு போட்டுக்கொண்டோம். "இருபது வயசு கால், நாப்பது வயசு முட்டி," என்று ஒட்டகம் சிரித்தாள்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம், வெயிலுக்கு முந்திக்கொள்ள. ராத்திரி நான் கண்ணே மூடவில்லை. மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். பாப்பாவைத் தூக்கும்போது கழுத்து சூடாக இருந்தது. அரை மூடி காய்ச்சல் மருந்து கொடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பயணம் நின்றுவிடும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்குப் பின் நடந்த எல்லாவற்றையும் இந்தச் சூட்டோடு சேர்த்துத்தான் நான் நினைத்துப் பார்க்கிறேன்.

"காய்ச்சல்ல வர்ற வலிப்புதான். பயப்பட வேண்டாம்," என்றார் டாக்டர். "ஆனா இந்த ஊசி தூங்க வெக்கும். மூச்சு மெதுவாகலாம். சாயங்காலம் ஆறு வரைக்கும் பாத்துட்டே இருக்கணும்."

பார்ப்பதற்கு ஆளில்லை. பக்கத்து வளைவில் ஒரு பஸ் கவிழ்ந்திருந்தது. கீழ்த்தளம் முழுக்க இரத்தமும் அழுகையும். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி அங்கே இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் கீழே வேண்டுமாம். ஆம்புலன்ஸும் போய்விட்டது.

நர்ஸ் எங்களை மாடிக்கு அழைத்துப்போனாள். குழந்தைகள் பிரிவு. கம்பி வைத்த இரண்டு கட்டில். பாதி வரை பச்சை அடித்த ஜன்னல் கண்ணாடி. அந்தப் பச்சை வழியாக வந்த வெளிச்சத்தில் எங்கள் முகமெல்லாம் நோயாளி முகமாகத் தெரிந்தது. பினாயில் வாடை. அதற்கு அடியில் வேறொரு வாடை, நாள்பட்ட ஈரத் துணியின் வாடை. மின்விசிறி, சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துச் சுற்றியது. சுவரோரம் கூட இருப்பவர்கள் படுக்க ஒரு பெஞ்சு, பாதி இழுத்த திரைக்குப் பின்னால்.

பாப்பாவை ஒரு கட்டிலில் கிடத்தினோம். கால்மாட்டில் ஒரு அட்டை தொங்கியது. அதில் கட்டம் போட்ட தாள், நூலில் கட்டிய பென்சில்.

"கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை," என்றாள் நர்ஸ். "வயித்து மேல கை வைங்க. ஏறி இறங்கினா ஒண்ணு. முழுசா ஒரு நிமிஷம் எண்ணி எழுதுங்க. இருபதுக்குக் கீழ போச்சுன்னா என்னைக் கூப்பிடுங்க. நடுவுல யாரு கூப்பிட்டாலும் திரும்பாதீங்க. விட்டா முதல்லேருந்து எண்ணணும்."

அடுத்த கட்டில் காலியாக இருந்தது, மெத்தை சுருட்டி வைத்து. அதன் கால்மாட்டிலும் ஒரு அட்டை, வெற்றுத் தாளோடு. நர்ஸ் போகிற போக்கில் அதைக் கழற்றி ஜன்னல் மேடையில் கவிழ்த்து வைத்தாள்.

எதற்கு என்று கேட்கவில்லை. கேட்கும் தெம்பில்லை.

என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

"எப்போலேருந்து காய்ச்சல்?"

"வழியிலதான்," என்றேன்.

அவர் செருப்பு மாட்டும் சத்தம் போனில் கேட்டது. "கிளம்பிட்டேன். ஆறுக்குள்ள வந்துடுவேன். நீ ஏதாவது சாப்பிடு."

திட்டியிருந்தால் தேவலை.

எங்கள் விடுதியில் பரீட்சைக் காலத்துக்கு ஒரு முறை உண்டு. ஒருத்தி விழித்துப் படிப்பாள், இருவர் தூங்குவோம். ஒரு மணி நேரம் முடிந்ததும் அடுத்தவளின் கால் கட்டைவிரலைக் கிள்ளவேண்டும். அவள் "சரி" என்று சொன்னால் போதாது, ஒட்டகம் தூக்கத்திலேயே நூறு சரி சொல்வாள். அதனால் ஒரு சட்டம் போட்டோம். கால் தரையில் பட்டால்தான் கணக்கு. பட்டுவிட்டால் முறை மாறிவிட்டது. அடுத்த விரலைக் கிள்ளும் வரை அவள்தான் காவல்.

"அதே முறைதான்," என்றாள் வக்கீல். "ஒண்ணுலேருந்து ரெண்டு ஒட்டகம். ரெண்டுலேருந்து மூணு நீ. அப்புறம் நான். நீ மறுத்துப் பேசாதே, உன் கண்ணு கோவைப்பழமா இருக்கு."

அவள் பச்சைப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பெஞ்சில் படுத்தாள்.

இரண்டு மணிக்கு ஒட்டகம் என் விரலைக் கிள்ளினாள். காலைத் தரையில் வைத்தேன். சிமெண்டு சுட்டது. "இருபத்தெட்டு," என்றாள். "நல்லா தூங்கறா. நான் காரை நிழல்ல போட்டுட்டு வரேன்."

இரண்டே கால், இருபத்தேழு. இரண்டரை, இருபத்தெட்டு. இரண்டே முக்காலுக்கு எண்ணிக்கொண்டிருந்தபோது யாரோ தோளைத் தொட்டு ஏதோ சொன்னார்கள். திரும்பவில்லை. பதினாறு, பதினேழு. தலையை மட்டும் ஆட்டினேன். பதினெட்டு.

இருபத்தாறு. எழுதினேன். சின்ன வயிறு என் உள்ளங்கைக்கு அடியில் ஏறி இறங்கியது. உலகத்தில் அது ஒன்றுதான் நகர்ந்துகொண்டிருந்தது.

மூன்று மணிக்கு மறுபடி இருபத்தாறு. எழுந்தபோது அறை சாய்ந்தது. திரையை விலக்கினேன். பச்சைப் போர்வை தலை முதல் மூடியிருந்தது. ஒரு கால் மட்டும் வெளியே நீட்டியிருந்தது.

கட்டைவிரலைக் கிள்ளினேன்.

அந்த வெயிலில் அது சில்லென்று இருந்தது. மின்விசிறிக் காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

"வக்கீலே. மூணாச்சு."

"சரி. நீ படு." தூங்கி எழுந்த தொண்டை, கரகரத்தது.

"காலை வைடி."

திரும்பி நடந்தேன். பின்னால் ஒரு வெறுங்கால் தரையில் பட்ட சத்தம் கேட்டது. ஈரக் காலின் சத்தம். பிறகு இன்னொன்று.

கணக்கு சரி. நான் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு கட்டிலுக்கும் நடுவில் தரையில் துண்டை விரித்துப் படுத்தேன். தூங்கினேன் என்பதைவிட விழுந்தேன் என்று சொல்லவேண்டும். கிணற்றில் விழுவது போல.

அந்தத் தூக்கத்துக்குள்ளும் சில சத்தங்கள் வந்தன. பென்சில் தாளில் கீறும் சத்தம். யாரோ என்னைத் தாண்டி அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். அங்கேயும் பென்சில் கீறியது. திரும்பத் தாண்டி வந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஈரத் துணியின் ஓரம் என் நெற்றியில் பட்டது.

நல்லவேளை, வக்கீல் பார்த்துக்கொள்கிறாள் என்று தூக்கத்திலேயே நிம்மதிப்பட்டேன்.

அப்புறம் யாரோ என் கட்டைவிரலைக் கிள்ளினார்கள்.

நகம் பதியும்படி.

எழுந்து உட்கார்ந்தேன். யாரும் இல்லை. திரை அசையவில்லை. மின்விசிறி நின்றிருந்தது.

கட்டிலைப் பார்த்தேன். பாப்பாவின் உதடு, ஜன்னலின் பச்சையையும் மீறி, நீலமாக இருந்தது.

வயிற்றில் கை வைத்தேன். ஏறியது. இறங்கியது. அப்புறம் ஏறவில்லை. நான் காத்திருந்தேன். அப்புறம் ஏறியது.

அட்டையில் மூன்றே காலுக்கு இருபத்தாறு. மூன்றரைக்கு இருபத்து நான்கு. மூன்றே முக்காலுக்கு இருபத்திரண்டு. நாலு மணிக்கு இருபது. நாலே காலுக்குப் பதினான்கு. பதினான்கின் கீழே பென்சில் மறுபடி மறுபடி கோடிழுத்துத் தாளே கிழிந்திருந்தது.

மணியை அழுத்தினேன். மின்சாரம் இல்லை. படிக்கட்டுக்கு ஓடினேன். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. கீழே அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை நிறுத்தினார்கள் என்று பின்னால் நர்ஸ் சொன்னாள்.

அவள் வந்தாள். டாக்டர் வந்தார். ஆக்சிஜன் உருளையைப் படிப் படியாகத் தூக்கி வந்தார்கள். முகத்தில் மூடி வைத்து அழுத்தினார்கள். தோளைத் தட்டினார்கள், பாதத்தைச் சுண்டினார்கள். பாப்பா முகம் சுளித்தாள். பிறகு அழுதாள். எரிச்சலோடு, முழுத் தொண்டையோடு, என்னைக் குற்றம் சொல்லும் அழுகை.

நான் கேட்டதிலேயே நல்ல சத்தம் அது.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம்," என்றார் டாக்டர். நெற்றியை முழங்கையால் துடைத்துக்கொண்டார். "நல்லா பாத்திருக்கீங்கம்மா."

"நான் இல்ல டாக்டர். என் சிநேகிதி."

அப்போதுதான் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒட்டகமும் வக்கீலும் மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். வக்கீல் கையில் மருந்துக் கடைக் கவர்.

"பாவி, கடையை நாலு மணிக்குத்தான் திறந்தான்," என்றாள். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்தாள். "என்னாச்சு?"

"நீ எங்கடி போனே?"

"நர்ஸ் ஒரு சீட்டு கொடுத்தாங்க, இந்த மருந்து வெளிய வாங்கணும்னு. கார்ல தூங்கிட்டிருந்த இவளையும் எழுப்பிக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டே முக்காலுக்கு உன்கிட்ட சொல்லிட்டுதானே போனேன், வர்ற வரைக்கும் நீயே பாருன்னு. நீ தலையாட்டினியே."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பத்து விரலிலும் சிவப்பு.

நான் கிள்ளிய விரல் எனக்கு நினைவு வந்தது. வெளிறிய நகம். வெடித்த தோல். பூச்சு இல்லை.

திரையை நர்ஸ்தான் விலக்கினாள். பெஞ்சில் பச்சைப் போர்வை நாலாக மடித்து வைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் நாள்கணக்காகக் கிடப்பவர்கள் மடிப்பார்களே, அந்த ஒழுங்கோடு.

"சிஸ்டர்," என்றாள் ஒட்டகம் மெல்ல. "அந்தக் கட்டில்."

காலிக் கட்டிலில் மெத்தை விரித்திருந்தது. கால்மாட்டில் அட்டை தொங்கியது. அதே கையெழுத்து. அதே நேரங்கள்.

3.15 – 0.
3.30 – 0.
3.45 – 0.
4.00 – 0.
4.15 – 0.

ஒவ்வொரு பூஜ்யமும் நிதானமாக, முழு வட்டமாக, ஒரு நிமிடம் பொறுமையாகப் பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது.

நர்ஸ் அந்தத் தாளை உருவி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "நான் கழட்டி வெச்சேன். நீங்க பாத்தீங்கதானே," என்று மட்டும் சொன்னாள்.

தரை துடைக்க வந்த ஆயாதான் பாப்பாவின் கட்டிலுக்கடியில் துடைக்கும் துணியை விட்டபடி, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"மூணு நாள் கண்ணு மூடல, அந்தக் கட்டில்ல புள்ளைய வெச்சிருந்த அம்மா. ஒத்தை ஆளு, முறை மாத்திக்க யாருமில்ல. நாலாம் நாள் ஒரு கால் மணி நேரம் அசந்துட்டாங்க."

"குழந்தை?"

ஆயா துணியைப் பிழிந்தாள்.

"அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்றேன்.

"தெரியலம்மா. வீட்டுக்குப் போனதா யாரும் சொல்லல."

ஆறு மணிக்கு முன்பே என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். பாப்பா அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். மூச்சு சீரானதைப் பார்த்துவிட்டு அன்றே எங்களை அனுப்பிவிட்டார்கள். ஒட்டகம் காரை ஓட்ட, பின்சீட்டில், இருட்டு வருவதற்கு முன், அவரிடம் சொன்னேன்.

"காலைலயே சூடு இருந்துச்சு. நான்தான் சொல்லல."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "தெரியும். கிளம்பும்போது முத்தம் கொடுத்தேன்ல. எனக்கும் சுட்டது." கொஞ்சம் கழித்து, "சொன்னா, உன் சந்தோஷத்தைக் கெடுக்கறதுக்குன்னே பேசறேன்னு நினைப்பியோன்னு விட்டுட்டேன்," என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி எட்டு வருடத்தில் நாங்கள் சேர்ந்து செய்த ஒரே பெரிய தப்பு அது. யாரும் யாரையும் திட்டவில்லை. திட்ட இருவருக்கும் தெம்பில்லை.

பெஞ்சில் படுத்திருந்தவளைப் பற்றி மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அவளிடம் நான் முறையைக் கொடுத்தேன். திரும்ப வாங்கவில்லை. அவள் என்னைக் கிள்ளியதும் நான் ஓடினேன், அவ்வளவுதான். முறை மாற்றுவதற்கு என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்தேனா என்று யோசிக்கவே இல்லை.

காலைத் தரையில் வைத்தேன்தான். ஆனால் அட்டையில் நான் ஒன்றும் எழுதவில்லை.

நாற்பது நாள் போனது. பாப்பாவுக்கு மறுபடி ஒன்றும் வரவில்லை. நான்தான் முதல் வாரம் ராத்திரியெல்லாம் எழுந்து அவள் மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்தேன். பிறகு அதுவும் விட்டுப்போயிற்று. ஆச்சரியமாக, நன்றாகத் தூங்கினேன். யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்ற நிம்மதியோடு.

போன ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். சாப்பாடு முடிந்து நானும் பாப்பாவும் படுத்திருந்தோம். சமையலறையில் அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். குழாய்ச் சத்தமும் தட்டுச் சத்தமும் கேட்டுக்கொண்டே கண்ணை மூடினேன்.

கட்டைவிரலை யாரோ கிள்ளினார்கள்.

இந்த முறை மெதுவாக. வலுவில்லாமல்.

"விளையாடாதீங்க," என்றேன் கண் திறக்காமல்.

சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

ஈரத் துணியின் வாடை அடித்தது.

பாப்பாவுக்கு அந்தப் பக்கம் மெத்தை மெல்ல அமிழ்ந்தது. ஒரு பெருமூச்சு கேட்டது. அத்தனை அலுப்பான ஒரு மூச்சை நான் கேட்டதில்லை. ஒரு நாளின் அலுப்பு இல்லை அது.

தலைமாட்டில் பாப்பாவின் படம் வரையும் நோட்டு திறந்து கிடந்தது. பூனைக்கும் சூரியனுக்கும் இடையில் பென்சில் வரிசைகள். நேரம், எண், பூஜ்யம். நேரம், எண், பூஜ்யம். பின்னால் புரட்டினேன். ஒவ்வொரு பக்கமும் நிரம்பியிருந்தது. நாங்கள் வீடு திரும்பிய ராத்திரியிலிருந்து, கால் மணிக்கு ஒருமுறை, ஒன்றுகூட விடாமல். எழுத்து பக்கத்துக்குப் பக்கம் சரிந்துகொண்டே வந்தது, தூக்கம் சொக்கும்போது எழுதுவது போல.

கடைசி வரியில் 3.00 என்று மட்டும் இருந்தது. பக்கத்து இரண்டு இடமும் காலி.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று.

காலைத் தரையில் வைத்தேன்.

பாப்பாவின் வயிற்றில் கை வைத்து ஒரு நிமிடம் எண்ணினேன். இருபத்து நான்கு. எழுதினேன். பிறகு, யாரும் இல்லாத ஒரு கட்டிலை நினைத்துக்கொண்டு, இன்னொரு நிமிடம் முழுவதும் காத்திருந்தேன். பூஜ்யம். அதையும் எழுதினேன், வட்டம் முழுதாக.

அவர் கையைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றார். "தூங்கலையா?" என்றார் கிசுகிசுப்பாக.

"இல்ல. என் முறை."

அவர் புரியாமல் சிரித்துவிட்டுப் போனார்.

பாப்பாவுக்கு அந்தப் பக்கம், யாரும் படுக்காத இடத்தில், போர்வை தலை வரை இழுத்து மூடியிருந்தது. அது மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதையும் எண்ணினேன். எந்த இடத்தில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.